முகிலில் வைத்த ஏடும் அதனைக் காக்கும் சங்கிலியும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து சங்கச் செய்யுள் பற்றியோ சமய இலக்கியம் பற்றியோ ஒரு கட்டுரையை அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ கணினியைச் சார்ந்தது. இதற்குக் காரணம் உண்டு. எமது கல்லூரியின் மாணவர் சேர்வு இடாப்புக்கள், சம்பவத் திரட்டுக்கள், பரிசளிப்பு விழா அறிக்கைகள் ஆகியவற்றுள் எஞ்சியிருப்பவற்றைப் படம்பிடித்து, முகில் எனப்படும் கணினிச் சேமிப்பகத்தில் வைத்துக் காக்கப் பழைய மாணவர் சங்கத்தினர் முன்வந்துள்ளனர். இதுபற்றி ஆராயக் கூடிய கூட்டத்தில் முதியவர் ஒருவர் எழுந்து, "அங்கே வைத்த பின்னர் எவனாவது ஒருவன் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால், மாற்றியது நமக்கு எப்படித் தெரியவரும்?" என்று வினவினார். அவையிலிருந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினரேயன்றி விடை பகர்ந்தாரில்லை. யாமும் அன்று வாய் திறந்திலேம். அவ்வினாவுக்கு விடை தேடிப் பல நாள் கற்றும், கற்றோரைக் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

ஏட்டின் அருமை

வன்னி மண்ணில் வாழ்ந்தோர்க்கு ஏட்டின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடக்கம் 2009 மே வரை தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என இடம்விட்டு இடம்பெயர்ந்த மக்கள், உடுபுடவையை விட்டுச் சென்றாலும், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் காணி உறுதியையும் பொலித்தீன் உறையிற் பொதிந்து மார்போடு அணைத்துச் சென்றனர். அங்ஙனம் கொண்டுசென்றவற்றுள்ளும் மழையில் நனைந்தவை பல. பதுங்குகுழியிற் கைவிடப்பட்டவை பல. போர் ஓய்ந்த பின்னர், அடையாள அட்டை பெறவும், காணிக்கு உரிமை நாட்டவும், பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கவும் மக்கள் அலுவலகந்தோறும் அலைந்ததை யாம் கண்ணாரக் கண்டோம்.

அக்காலத்தில் ஒருநாள் பழைய மாணவர் ஒருவர் விடுகைப் பத்திரம் வேண்டிக் கல்லூரிக்கு வந்தார். அவர் கற்ற காலத்துச் சேர்வு இடாப்பு இடப்பெயர்விலே தொலைந்துபோயிற்று. அவருக்குக் கற்பித்தோருள் சிலர் இறந்துவிட்டனர்; எஞ்சியோர் கடல் கடந்து சென்றுவிட்டனர். "நான் இங்கே படித்தேன் என்பதற்கு நானே சாட்சியா, சேர்?" என்று அவர் கேட்டபோது எமக்கு மறுமொழி கூற இயலவில்லை. சில கிழமைகள் கழித்து அவரே மீண்டும் வந்தார். வவுனியாவில் வாழ்ந்த வேறொரு பழைய மாணவர் வீட்டுப் பெட்டியிற் கிடந்த பழைய மலர் ஒன்றில், பரிசு பெற்றோர் பட்டியலில் அவர் பெயரும் வகுப்பும் ஆண்டும் அச்சாகியிருந்தன. அம்மலரே அவருக்குச் சாட்சியாயிற்று. இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்துவாராக. கட்டுரையின் முடிவில் இதற்கு மீள்வோம்.

முகில் என்பது யாது?

முகில் என்னும் பெயர் வானத்தைச் சுட்டினும் பொருள் நிலத்தின் மேலதே. ஏதோ ஒரு நகரிலே, குளிரூட்டிய கட்டடமொன்றில், ஓயாது இயங்கும் பல்லாயிரங் கணினிகளுள் நமது ஏட்டின் படம் வைக்கப்படுகின்றது. எவ்விடத்திலிருந்தும் இணையத்தின் வழியே அதனை நாம் பார்க்கலாம். இஃது ஒரு பெரும் பயனே. கல்லூரிக் கட்டடம் தீப்பற்றினும், வெள்ளம் புகுந்தாலும், ஏடு வேறோர் இடத்தில் இருக்கும்.

ஆயினும், அங்கே நமது ஏட்டைக் காப்பவர் நாமல்லர்; பிறர். அவருடைய பணியாளர் தவறலாம்; அவருடைய பூட்டைக் கள்வர் உடைக்கலாம். ஆதலின் அங்கு வைத்த ஏட்டைப் பற்றி மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். உரியவரன்றிப் பிறர் அதனைப் படிக்காதிருப்பரோ என்பது ஒன்று. வேண்டும்போது அது கிடைக்குமோ என்பது மற்றொன்று. வைத்தது வைத்தவாறே இருக்குமோ என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் இறுதியதனைத் தரவின் பிறழாமை எனக் கூறுவோம். களவுபோன ஏடு களவுபோயிற்று என்பது தெரியும். எரிந்த ஏட்டின் சாம்பரேனும் எஞ்சும். ஓர் எண் மட்டும் மாற்றப்பட்ட ஏடோ நல்ல ஏடு போலவே இருந்து பொய்ச்சான்று கூறும். பிறந்த ஆண்டு 1961 என்பது 1967 என மாறினால், ஒருவருடைய ஓய்வூதியம் மாறும். காணித் துண்டின் இலக்கம் மாறினால், ஒரு குடும்பத்தின் வளவே கைமாறும்.

இவை வீண் அச்சங்கள் அல்ல. 2021இல், எமது நாட்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் அரச முகிலிலிருந்து அழிந்துபோயின என்ற செய்தி வெளியாகி, குற்றப் புலனாய்வு விசாரணையும் நிகழ்ந்தது. 2023 ஓகஸ்ட் 26ஆம் நாள் அதே அரச முகிலைக் கப்பம் கோரும் கணினிக் கள்வர் தாக்கினர். அரச அலுவலகங்களின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17ஆம் நாள் தொடக்கம் தாக்குதல் நிகழ்ந்த நாள் வரையுள்ள மடல்கள் மீட்க இயலாது ஒழிந்தன. முகிலோடு இணைந்திருந்த காப்புப்படிகளும் உடன் தாக்கப்பட்டமையே அதற்குக் காரணம். அமைச்சரவை அலுவலகத்தின் மடல்களுக்கே இக்கதி நேர்ந்ததாயின், ஒரு பாடசாலை இடாப்பு எம்மாத்திரம்?

முத்திரை

பாடம் பிறழ்தல் தமிழுக்குப் புதியதன்று. ஏடு பெயர்த்தெழுதியோர் கைப்பிழையால் ஒரு சொல் வேறொரு சொல்லாவதைப் பாடபேதம் என்கின்றோம். 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும், அதே ஆண்டிற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் அவர்களும் பல ஊர்ச் சுவடிகளைத் தேடி ஒப்பு நோக்கியே உண்மைப் பாடத்தைத் துணிந்தனர். ஒரு சுவடி மட்டும் கிடைப்பின், அதிற் பிழையுண்டோ இல்லையோ என்பதை அச்சுவடியே சொல்லமாட்டாது.

வேண்டுமென்றே செய்யும் மாற்றத்தைத் தடுப்பதற்கும் நம் முன்னோர் வழிகண்டனர். சோழர் செப்பேடுகளைப் பாருங்கள். ஆனைமங்கலச் செப்பேடுகளுட் பெரிய தொகுதி 21 இதழ்களை உடையது. அவ்விதழ்களைத் துளையிட்டு ஒரு வளையத்திற் கோத்து, வளையத்தின் இரு முனையும் சேருமிடத்தில் அரச முத்திரையைப் பொருத்தினர். வளையத்தை வெட்டாமல், அன்றி முத்திரையைச் சிதைக்காமல், ஓர் இதழை உருவவோ புதிதாய் ஒன்றைச் செருகவோ இயலாது. மாற்றத்தைத் தடுக்கும் வலிமை செம்புக்கு இல்லை. மாற்றம் நிகழ்ந்ததைக் காட்டிக்கொடுக்கும் வலிமை முத்திரைக்கு உண்டு.

கணினி ஏட்டுக்கும் இத்தகைய முத்திரை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதனை ஹாஷ் என்பர். யாம் முத்திரைக்குறி எனக் கூறுவோம். ஏட்டிலுள்ள அனைத்தையும் ஒரு கணித முறையின்வழிச் செலுத்தினால் குறித்த நீளமுள்ள ஒரு குறி வெளிப்படும். இன்று பெருவழக்காயுள்ள எஸ்.எச்.ஏ. 256 என்னும் முறையில் அக்குறி 64 எழுத்துக்களால் ஆனது. ஏடு ஒரு பக்கமாயினும் ஓராயிரம் பக்கமாயினும் குறியின் நீளம் அதுவே. ஒரே ஏட்டை எந்நாட்டில், எக்கணினியிற் செலுத்தினும் ஒரே குறிதான் வரும். ஏட்டில் ஒரு புள்ளி மாறினும் குறி முழுவதும் வேறாகிவிடும். குறியைக் கொண்டு ஏட்டை மீட்டறிதல் இயலாது. அதே குறியைத் தரும் வேறோர் ஏட்டைப் படைத்தலும் நடைமுறையில் இயலாது. வரக்கூடிய குறிகளின் தொகை 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் என்று கணிதர் கூறுவர்.

எனவே, நமது இடாப்பின் முத்திரைக்குறியை இன்று கணித்து வைத்துக்கொண்டால், பத்தாண்டு கழித்து முகிலிலிருந்து அதனை இறக்கி மீண்டும் கணித்துப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றாயின் ஏடு பிறழவில்லை. வேறாயின் ஏதோ நிகழ்ந்துவிட்டது. முதியவரின் வினாவுக்குப் பாதி விடை இதுவே.

அந்தாதி

மற்றைப் பாதி யாது? அம்முத்திரைக்குறியை எங்கே வைப்பது என்பதே. ஏடு இருக்கும் முகிலிலேயே அதனையும் வைத்தால், ஏட்டை மாற்றுபவன் குறியையும் மாற்றிவிடுவான். கள்வனிடமே திறப்பைக் கொடுத்தது போலாகும். இவ்விடத்திலேதான் பிளாக்செயின் எனப்படும் சங்கிலி உதவுகின்றது. யாம் அதனை ஏட்டுச்சங்கிலி எனத் தமிழில் வழங்குகின்றோம்.

மாணவர்க்கு அதனை விளக்க அந்தாதியை விஞ்சிய உவமை இல்லை. ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாக வருவது அந்தாதி. நடுவே ஒரு செய்யுளை எடுத்துவிட்டால், முந்தியதன் ஈறும் பிந்தியதன் முதலும் பொருந்தாமல் நின்று குறையைக் காட்டிவிடும். ஏட்டுச்சங்கிலியும் இத்தன்மையதே. பதிவுகள் சிறுசிறு கட்டுக்களாகத் தொகுக்கப்படும். ஒவ்வொரு கட்டின் தலைப்பிலும் அதற்கு முந்திய கட்டின் முத்திரைக்குறி பொறிக்கப்படும். மூன்றாவது கட்டில் ஓர் எழுத்தை மாற்றினால் அதன் முத்திரைக்குறி மாறும். நான்காவது கட்டின் தலைப்பிற் பொறித்த குறியோடு அது பொருந்தாது. நான்காவதையும் திருத்தினால் ஐந்தாவது பொருந்தாது. இவ்வாறு ஒரு பொய்யை நிலைநாட்ட, அதன் பின்வந்த அனைத்தையும் திருத்தவேண்டி நேரும்.

"அனைத்தையும் ஒருங்கே திருத்திவிட்டால் என்செய்வது?" என ஒரு மாணவன் கேட்பானாயின் அவன் கூரிய அறிவினன். சங்கிலி ஒருவர் கையில் மட்டும் இருந்தால் அவ்வாறு செய்தல் கூடும். அதனைத் தடுப்பது சங்கிலியின் படிகள் பலர் கையில் இருப்பதே. ஒருவர் தம் படியைத் திருத்தினாலும் மற்றையோர் படிகள் அவரைக் காட்டிக்கொடுக்கும். எமது நாட்டுக் காணி உறுதி முறையிலும் இக்கருத்து உண்டு. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகள் அறிய எழுதப்படல் வேண்டும். மூல உறுதி உரியவரிடமும், ஒரு படி நொத்தாரிசிடமும், ஒரு படி காணிப் பதிவகத்திலும் இருக்கும். வீட்டிலுள்ள உறுதியில் ஒருவர் எழுத்தை மாற்றினாலும், பதிவகத்துப் படி அவரை மறுத்துரைக்கும். இடப்பெயர்விலே உறுதியைத் தொலைத்தவர்கள் பதிவகப் படியைக் கொண்டு உரிமை நாட்டியதும் இதனாலேயே.

வரலாறு

இச்சங்கிலியின் தோற்றம் சுவை மிக்கது. 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்ருவார்ட் ஹேபர், ஸ்கொட் ஸ்ரோர்னெற்றா என்னும் இருவர், கணினி ஆவணம் ஒன்று இன்ன காலத்தில் இன்னவாறே இருந்தது என்பதை எங்ஙனம் மெய்ப்பிக்கலாம் என ஆராய்ந்து, முத்திரைக்குறிகளை ஒன்றோடொன்று தொடுக்கும் முறையை வெளியிட்டனர். பின்னர் அவர்கள் தொடங்கிய நிறுவனம், வாடிக்கையாளர் ஆவணங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு முத்திரைக்குறியை 1995ஆம் ஆண்டு முதல் வாரந்தோறும் நியூயோர்க் ரைம்ஸ் நாளிதழின் சிறு விளம்பரப் பகுதியில் அச்சிடுவித்தது. நாளிதழோ பல்லாயிரம் வீடுகளுக்கும் நூலகங்களுக்கும் செல்வது. அச்சிட்டுப் பரப்பிய ஒரு வரியை மாற்ற விரும்புபவன் அத்தனை படிகளையும் தேடித் திருத்தவேண்டும். கணினி யுகத்தின் நுண்ணிய பூட்டொன்றுக்குச் சாட்சியாக நின்றது பழைய அச்சுத் தாளே.

2008ஆம் ஆண்டில் சத்தோஷி நகமொற்றோ என்னும் புனைபெயரினர் பிற்கொயின் என்னும் எண்மப் பணத்துக்கான கட்டுரையை வெளியிட்டார். அதிற் சான்று காட்டிய எட்டு நூற்குறிப்புக்களுள் மூன்று மேற்கூறிய இருவருடையவை. அச்சங்கிலியின் முதற் கட்டு 2009 சனவரி 3ஆம் நாளுக்குரியது. அன்றைய இலண்டன் ரைம்ஸ் நாளிதழின் தலைப்பொன்று காலச் சான்றாக அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. அதற்கு முதல் நாள், சனவரி 2இல், கிளிநொச்சி நகர் இலங்கைப் படையினர் வசமாயிற்று. எம் மக்கள் பத்திரங்களைத் தலையிற் சுமந்து கிழக்கு நோக்கி நடந்துகொண்டிருந்த அந்நாளிலே, எவராலும் அழித்தெழுத இயலாத ஏடொன்றின் முதற் பக்கம் உலகின் வேறொரு மூலையில் எழுதப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை, எனினும் நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கின்றது.

இம்முறையைப் பணத்துக்கன்றி அரச ஏடுகளுக்குப் பயன்படுத்தியோருள் முன்னிற்பது எஸ்தோனியா. ஏறத்தாழ 13 இலட்சம் மக்களையே கொண்ட அச்சிறு நாடு 2007இல் பெரும் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அதன் பின்னர் முத்திரைக்குறிகளைத் தொடுக்கும் முறையை ஆராய்ந்து, 2012 தொடக்கம் அரச பதிவேடுகளிற் கைக்கொள்ளலாயிற்று. அதனோடு அமையாது, முக்கிய தரவுகளின் படிகளை நாட்டுக்கு வெளியே வைக்கவும் 2017இல் லக்சம்பேர்க் நாட்டோடு உடன்படிக்கை செய்தது. தமிழ்நாட்டரசும் 2020இல் பிளாக்செயின் பற்றிய கொள்கையொன்றை வெளியிட்டு, அரசுச் சான்றிதழ்களைக் காக்க அமைத்த சங்கிலிக்கு 'நம்பிக்கை இணையம்' எனப் பெயரிட்டது. பெயர் பொருத்தமானதே.

முகிலைத் தேர்வு செய்தல்

முகிலில் ஏடும், சங்கிலியில் முத்திரைக்குறியும் என்பதே இன்றைய நெறி. ஏட்டை முழுவதும் சங்கிலியில் ஏற்றுவாரில்லை, அது பெருஞ்சுமையாகும். ஆயிரம் பக்கங்களுக்கு ஆயிரம் குறிகளை ஏற்ற வேண்டுவதுமில்லை. இரண்டிரண்டு பக்கங்களின் குறிகளைச் சேர்த்து ஒரு குறியும், அவ்வாறு பெற்றவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து மீண்டும் ஒரு குறியும் எனக் கணித்துக்கொண்டே சென்றால், 1,024 பக்கங்களுக்கும் பத்தாவது படியில் ஒரே தலைக்குறி கிடைக்கும். ரால்ஃப் மேர்க்கிள் என்பவர் 1979இல் வகுத்த முறை இது. அத்தலைக்குறி ஒன்றை ஏற்றினாற் போதும். பின்னர் ஒரு பக்கத்தை மட்டும் சோதிக்க வேண்டின், அதற்குத் துணையாகப் பத்துக் குறிகளே வேண்டும்.

முகிலில் வைத்த பெருந்தொகையான தரவு சிதையாது உள்ளதோ என்பதை அடிக்கடி முழுவதும் இறக்கிப் பார்த்தல் இயலாது. அதற்கும் ஓர் உபாயம் 2007இல் அறிஞரால் வகுக்கப்பட்டது. ஆசிரியர் ஒருவர் மாணவனைப் பரீட்சிக்கும்போது நூல் முழுவதையும் ஒப்புவிக்கச் சொல்வதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வினாக்களைக் கேட்டே அறிந்துகொள்வார். அவ்வாறே தரவைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, எத்துண்டு கேட்கப்படும் என்பது முன்கூட்டித் தெரியாதவாறு சிலவற்றை மட்டும் வினவலாம். நூற்றுக்கு ஒரு துண்டு சிதைந்திருப்பினும், 460 துண்டுகளை வினவினால் அச்சிதைவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு உறுதியோடு வெளிப்பட்டுவிடும் எனக் கணக்கிட்டுள்ளனர்.

சங்கிலியால் இயலாதவை

இத்துணை கூறிய யாம், இயலாதவற்றையும் கூறாதொழிதல் முறையன்று.

முதலாவது, சங்கிலி இழந்ததை மீட்டுத் தாராது. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அந்தாதியாய் அமைந்தது. அதனுள் ஒரு செய்யுள் விடுபட்டிருப்பின் தொடை காட்டிக்கொடுத்திருக்கும். ஆயினும் அந்நூலின் முதற் பத்தும் இறுதிப் பத்தும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. எந்த அந்தாதியும் அவற்றை மீட்டுத் தரவில்லை. 2023இல் அழிந்த மடல்களுக்கு முத்திரைக்குறிகள் இருந்திருப்பினும் அவை மீண்டிரா. பிறழ்ந்ததை அறியச் சங்கிலி வேண்டும். இழந்ததை மீட்கப் படி வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. வேறு படி இல்லாதவை என்றென்றைக்கும் போயின. முகிலை நம்பி விதைப்பவனும் குளக்கட்டைக் காத்துக்கொள்வது வன்னி உழவர் வழக்கம். முகிலில் ஏட்டை வைப்போரும் அவ்வாறே தம் கையில் ஒரு படியைக் காத்தல் வேண்டும்.

இரண்டாவது, பொய்யைப் பதிந்தால் பொய்யையே சங்கிலி பிறழாமற் காக்கும். இடாப்பில் எழுதும் ஆசிரியர் பிறந்த திகதியைப் பிழையாக எழுதின், அப்பிழைக்கே முத்திரை விழும். உண்மையைப் பதிதல் மனிதர் கடமை. பிழை பின்னர் தெரியவரின் என்செய்வது? இடாப்பு விதியை ஆசிரியர் அறிவர்: அழித்தெழுதல் ஆகாது, ஒரு கோட்டால் வெட்டி, அருகே திருத்தம் எழுதி, ஒப்பமிடல் வேண்டும். சங்கிலியின் விதியும் அதுவே. பழைய பதிவு அழியாது நிற்கும். திருத்தம் புதிய பதிவாகச் சேரும்.

மூன்றாவது, அழியாத இடத்தில் ஆட்களின் அந்தரங்கத்தை எழுதலாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய தரவைத் திருத்துவிக்கவும் அழிப்பிக்கவும் ஒருவர்க்குள்ள உரிமையைக் கூறுகின்றது. பெயரையும் முகவரியையும் சங்கிலியில் ஏற்றிவிட்டு அவ்வுரிமையை நிறைவேற்றல் எங்ஙனம்? ஆதலின் முத்திரைக்குறி மட்டுமே அங்கு செல்லல் வேண்டும். குறியைப் பார்த்து எவரும் ஒரு மாணவனின் பெயரையோ பெற்றோரையோ அறிதல் இயலாது.

நான்காவது, முத்திரையும் மூப்படையும். முன்னர் பெருவழக்காயிருந்த எம்.டி. 5 என்னும் முறை 2004இலும், எஸ்.எச்.ஏ. 1 என்னும் முறை 2017இலும் உடைக்கப்பட்டன. ஒரே குறியைத் தரும் இருவேறு ஏடுகளை அறிஞர் படைத்துக் காட்டினர். இன்று உறுதியாய் இருக்கும் முறையும் என்றேனும் தளரலாம். அதற்கு முன்னரே புதிய முறையால் மீண்டும் முத்திரையிட்டுக்கொள்ளல் வேண்டும். ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிய முன்னோர் செயலே இது.

எமது கல்லூரி செய்யத்தக்கது

இவற்றையெல்லாம் செய்யப் பெரும்பொருள் வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. மலர்க்குழுவுக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் யாம் முன்வைக்கும் விண்ணப்பம் இதுவே.

இடாப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்த பின்னர், ஆசிரியர் இருவர் மூலத்தோடு ஒப்பு நோக்கி ஒப்பமிடுக. அப்படங்களை மூன்று இடங்களில் வைக்குக: முகிலில் ஒன்று, கல்லூரியின் இரும்பு அலுமாரியில், இணையத்தோடு தொடர்பில்லாத வன்தட்டில் ஒன்று, கடல் கடந்த கிளைச் சங்கமொன்றின் பொறுப்பில் ஒன்று. எல்லாப் பக்கங்களுக்குமான தலைக்குறியைக் கணித்து, ஏட்டுச்சங்கிலியில் ஏற்றுக. 2016இல் வெளிவந்த ஓப்பன் ரைம்ஸ்ராம்ப்ஸ் என்னும் முறை, பலருடைய முத்திரைக்குறிகளை ஒருங்கு சேர்த்துப் பிற்கொயின் சங்கிலியிற் கட்டணமின்றி ஏற்றித் தருகின்றது. கணினி பயிலும் உயர்தர மாணவர் இருவர் ஒரு பிற்பகலிற் செய்து முடிக்கத்தக்க வேலை இது.

இன்னும் ஒன்று. அந்த 64 எழுத்துக்களையும் இம்மலர் போன்ற வெளியீடுகளில் ஒரு வரியாக அச்சிடுக. அடுத்த ஆண்டுப் பரிசளிப்பு விழா அறிக்கையில், புதிதாய்ச் சேர்ந்த பக்கங்களோடு சென்ற ஆண்டுக் குறியையும் சேர்த்துக் கணித்த புதிய குறியை அச்சிடுக. ஆண்டுதோறும் இவ்வாறு செய்துவரின், கல்லூரி தன் வரலாற்றை அந்தாதியாகத் தொடுத்து வரும். மலரோ கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வீடுகளுக்கு மட்டும் செல்வதன்று. யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை, இலண்டன், பரிஸ், ரொறன்ரோ எனப் பழைய மாணவர் வாழும் இடமெல்லாம் செல்வது. முகிலிலுள்ள இடாப்பை எவனாவது ஒருவன் மாற்றத் துணியின், அவன் இத்தனை வீட்டுப் பெட்டிகளையும் திறந்து இத்தனை மலர்களிலும் அவ்வரியைத் திருத்தவேண்டும். அஃது எவராலும் ஆகாது.

முன்னர் நினைவில் இருத்துமாறு யாம் கேட்ட செய்தி இங்கே பொருந்துகின்றது. விடுகைப் பத்திரம் வேண்டி வந்த அப்பழைய மாணவருக்குச் சாட்சியாய் நின்றது எது? வவுனியாவிலே ஒரு வீட்டுப் பெட்டியிற் கிடந்த மலர். மலரைப் பேணியவர் அதனை ஒரு சங்கிலியின் கண்ணியென எண்ணிப் பேணினாரல்லர். கல்லூரி மீதுள்ள அன்பினாற் பேணினார். ஆயினும் அவர் செய்தது அதுவே. கணினி அறிஞர் அரிதின் முயன்று அமைத்த முறையின் உயிர்நிலையும் பலர் கையிலிருக்கும் படியும், அப்பலருடைய நேர்மையுமே ஆகும்.

கூட்டத்தில் வினவிய முதியவர்க்கு எமது விடை இது: "ஐயா, மாற்றினால் தெரியவரும், தெரியப்படுத்தும் சாட்சி உங்கள் வீட்டிலேயே இருக்கும். இம்மலரைப் படித்து முடித்தபின் எறிந்துவிடாதீர்கள். கறையான் அணுகாத இடத்தில் வைத்திருங்கள். உங்கள் பேரப்பிள்ளையும் அது எங்கே இருக்கின்றதென அறிந்திருக்கட்டும்."

எஞ்சியுள்ள ஏடுகள் பிறழாதிருப்பனவாகுக! எமது கல்லூரி நீடு வாழ்க!